பூக்கக் கூடாது

மொந்தேவிதேயோ, 1977, ஜூலைக் குளிர்.
கால்நடைக் கல்லூரியின் கொல்லைக் கொட்டகையில்
ஓர் ஆட்டின் கழுத்தில் ஊசி இறக்கி
நாற்பது மில்லி வாங்கிக்கொண்டேன்.
காதுத் தகட்டில் 31 என்றிருக்கும்.
நான் மட்டும் அதைச் சென்யோரா என்பேன்.

வழியில் பேருந்தை நிறுத்திச் சிப்பாய் ஏறினான்.
பெட்டிக்குள் என்ன?
இரத்தம்.
யாருடையது?
ஆட்டினுடையது.
அவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டை கேட்டான்.
அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
மறுபடியும் அட்டை.

அப்போது நாட்டில் ஆளுக்கோர் எழுத்து.
ஏ என்றால் பிழைப்பு உண்டு.
பி என்றால் பின்னால் ஒருவன் வருவான்.
சி என்றால் என் கணவர் ஓமெரோ.
பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர்
சமையல் மேசையில் கடிகாரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் எனக்கும் அதே உத்தியோகம்தான்,
எழுத்துக் கொடுப்பது.
சாயமேற்றிய சில்லில் எல்லாச் செல்லும் ஒரே ஜாடை:
உருண்டை, கருநீலம், உள்ளே நெருக்கியடித்த கரு.
எது எந்த வழியில் வந்ததென்று
மேல்தோலைத்தான் கேட்க வேண்டும்.
குழந்தையின் செல்லோடு ஆட்டுச் சிவப்பணு கலந்து
ஓரிரவு குளிரில் வைத்தால்
டி வகை மட்டும் ஆட்டைக் கட்டிக்கொள்ளும்.
ஏனென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.
மூன்றோ அதற்கு மேலோ ஒட்டினால் கணக்கில் சேர்.
பாடநூல் அதை ரோஜா என்றது. எழுதியவன்
வார்டுப் பக்கம் வந்திருக்க மாட்டான்.

எல்பியோ, தக்குவரெம்போக்காரன், பதினொரு வயது.
நெஞ்சுக்கூட்டுக்குள் முஷ்டியளவு கட்டி.
மல்லாந்தால் மூச்சு முட்டுமென்று
உட்கார்ந்தே தூங்கினான்.
விடிந்ததும் குழாயை அசங்காமல் சாய்த்து
ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்.
இருநூறு எண்ண வேண்டும்.
நாற்பதிலேயே தெரிந்துவிட்டது.
திரும்பிய பக்கமெல்லாம் பூ.
பூக்காதே என்று ஒரு செடியிடம்
யாராவது கெஞ்சியிருப்பார்களா?
ஆனாலும் இருநூறையும் எண்ணினேன்.
நூற்று அறுபத்திரண்டு. டி.
டாக்டர் பெர்தியே தாளை வாங்கி
மருந்துப் பட்டியலை நீட்டி எழுதினார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரம் நிதியா, நான்கு வயது.
ஆடு ஒட்டவில்லை.
பி வகைக்கு வரவேண்டிய ஒளியும் வரவில்லை.
அப்படிப்பட்டவற்றுக்குப் படிவத்தில் ஒரு சொல் உண்டு:
நுலா. ஒன்றுமற்றது.
அவள் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"என் பிள்ளை ஒன்றுமில்லையா?" என்றாள்.
செல்லைத்தான் சொல்கிறோம் என்றேன்.
அது பதிலாகவே இல்லை.
மிச்சத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்
காளை விந்து வைக்கும் நைட்ரஜன் பீப்பாயில்
ஓர் ஓரமாக இறக்கினேன்.

எல்பியோ அக்டோபர் வரை இருந்தான்.
ஓமெரோ பழுதுபார்த்துக் கொடுத்த கைக்கடிகாரத்தை
அவன் அப்பா திருப்பித் தர வந்தார்.
அது ஓடிக்கொண்டிருந்தது.
நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

எட்டாண்டு கழிந்து எழுத்துகள் ஒழிந்த கோடையில்
சுண்டெலிச் செல்லில் விளைந்த புதிய எதிர்ப்பொருள்
பனிக்கட்டிக்குள் வந்திறங்கியது.
பழைய குழாயை உருக்கி
இருட்டறையில் விளக்கைப் போட்டேன்.
செல்லுக்குச் செல் பச்சை வளையம்.
அன்றைக்கும் இருந்திருக்கிறது.
கேட்கத் தெரிந்த வாய்தான் எங்களிடம் இல்லை.
இந்த வளையம் உள்ள பிள்ளைகள்
பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்
என்று டாக்டர் ஏதோ தாளில் படித்துச் சொன்னார்.
அதற்குள் நிதியா யாரையும் கேட்காமல்
பன்னிரண்டு வயதாகியிருந்தாள்.
பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

அந்தச் சொல்லை அடித்துத் திருத்திய தாளை
அவள் அம்மாவிடம் நீட்டினேன்.
படிக்காமலே நான்காய் மடித்துப் பைக்குள் செருகி
"பேருந்துக்கு நேரமாச்சு" என்றாள்.

ஓமெரோவைப் பள்ளிக்கூடம் திரும்பக் கூப்பிட்டது.
போகவில்லை.
வரைபடத்துக்கு முன்னால் நின்றால்
கை நடுங்குகிறதாம்.
கடிகாரத்துக்கு நடுங்குவதில்லை.