நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

செவ்வாய் மாலைகளில்
லோஸ்டாஃப்ட் நூலகத்தின் மாடியறையில்
எங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார் ஹெஸ்டர் கட்டர்மோல்.
பன்னிரண்டு வாரம், எழுபது பவுண்டு,
தேநீர்க் காசு தனி.

"இதயம்" கூடாது என்றார்.
நிலாவை எட்டிப்பார்க்காமல்
ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள் என்றார்.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்
வாராவாரம் நிலாவோடுதான் வருவார்.
நான் பேருந்து ஓட்டுகிறவள்.
கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு
ஒன்பது நிமிட இடைவேளையில்
ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுவேன்.

அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு
தர்மக் கடையில் கிடைத்தது, ஐம்பது பென்ஸ்,
ஒற்றைக் கையுறைக்கும் ஒரு ரொட்டி டப்பாவுக்கும் நடுவே.
நாற்பத்தெட்டுப் பக்கங்களில்
பதினோரு இதயம், ஆறு நிலா.
எண்ணினேன். எண்ணியதற்கு வெட்கப்பட்டேன்.
இருபத்தேழு வயதில் யாரையோ
அப்படி நேசித்திருக்கிறார்,
பக்கத்தில் நின்று அடித்துத் திருத்த ஆளில்லாமல்.
இன்னும் பேருந்தில்தான் வைத்திருக்கிறேன் அதை.

ஐந்தாம் வார வீட்டுப்பாடம்: அப்பா.
எழுதினேன்.
அம்மா எங்களைக் கைகழுவிவிட்டு நாரிச்சுக்குப் போன பிறகும்
ஞாயிற்றுக்கிழமை இரவு
அவளுக்கு ஃபோன் செய்யும் முன்
அப்பா கைகழுவுவார்.
வாரமெல்லாம் மீன் அறுத்த கை.
எலுமிச்சைத் தோலால் நகக்கண் வரை தேய்ப்பார்,
வாடை கம்பி வழியாகப் போய்விடும் என்பதுபோல.

அந்த வரிகளைப் பச்சை மையில் அடித்திருந்தார்.
ஓரத்தில்:
"நம்பும்படி இல்லை. யாரும் இப்படிச் செய்வதில்லை."

சரிதான் என்று நம்பினேன்.
மூன்று வருடம் நம்பினேன்.
அப்பாவையே கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

போன அக்டோபரில் அவர் நாவல் வந்தது.
கடைசி நிறுத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவன்
பிரிந்துபோன மனைவியை ஃபோனில் அழைக்கும் முன்
கைகழுவுகிறான்.
மீனை எடுத்துவிட்டு
டர்பன்டைன் வைத்திருக்கிறார்.
எலுமிச்சை அப்படியே இருக்கிறது.
அன்று நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டேன்.
ஒரு கிழவர் குடைக்காம்பால் கண்ணாடியைத் தட்டினார்.

வெளியீடு அதே மாடியறையில்.
பத்தொன்பது நாற்காலி, பாதி காலி.
நூற்றொன்பதிலிருந்து வாசித்தார்.
நல்ல குரல். எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்த குரல்.
நூற்றுப் பதினொன்று முடிந்ததும்
தாள்கள் ஒட்டிக்கொண்டதுபோல
இரண்டை ஒன்றாகப் புரட்டினார்.
தலை நிமிரவில்லை.

கையும் களவுமாக என்பார்களே.
கை இருந்தது. களவு எது?
வேண்டாம் என்று எறிந்தவர் அவர்,
குனிந்து பொறுக்கியவரும் அவர்.
நான் எழுபது பவுண்டு கொடுத்து
அந்தக் குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

கையெழுத்து வரிசையில் என் முறை வந்தது.
லினெட் என்று எழுத எத்தனை டி, என்று கேட்டார்.
இரண்டு, என்றேன்.
அதே பச்சை மை. ஊதிக் காயவைத்தார்.
புத்தகத்தை உடனே தரவில்லை,
இரு கையாலும் பிடித்தபடி ஏதோ சொல்ல வந்தார்.
பின்னால் பல் மருத்துவர் இருமினார்.

கடைசி நிறுத்தம். மழை.
மறுபடி திறந்து பார்த்தேன்.
அவர் ஆள் கைகழுவியதும்
நீலக்கரை போட்ட துண்டில் துடைத்துக்கொள்கிறான்.
நியாயம்தான், ஒரு நாவலுக்குள்
ஒருவன் எவ்வளவு நேரம் ஈரக்கையோடு நிற்பான்?

எங்கள் வீட்டுத் துண்டிலும் மீன் வாடை.
அதனால் அப்பா துடைத்ததே இல்லை.
சொட்டச் சொட்ட ரிசீவரை எடுப்பார்.
தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் நின்று யோசித்து,
சட்டைக்குள் போகும்.
"கேட்கிறதா?" என்பார்.
"கேட்கிறதா?"

இதை நான் வீட்டுப்பாடத்தில் எழுதவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டு.
எஞ்சினைப் போட்டேன்.