ஒலிப்பதிவு: யோகூபஸ்

குதாயிசியிலிருந்து வந்த காட்சியில் ஒலியே இல்லை.
'மைக் செத்துப்போச்சு, மன்னிக்கவும்' என்று
தெக்லே ஒரு வரி எழுதியிருந்தாள்.
கணப்பு எரியாத காலை, பள்ளி நடைக்கூடம்,
பிள்ளைகள் வாயிலிருந்து புகையாக மூச்சு.
தெக்லே ஓடிவருகிறாள், வழுக்கி விழுகிறாள்,
உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரிக்கிறாள்
தொட்டி மீன் போல.

எங்கள் செதூபல் பங்கு இன்னும் மோசம்.
'பள்ளியில் எப்போது மகிழ்ச்சி?' என்று கேட்டு
முப்பத்தொரு முகங்களை எடுத்திருந்தோம்.
எல்லாரும் பல் மருத்துவருக்குக் காட்டுவதுபோல் காட்டினார்கள்.
துவார்த்தே மட்டும்
'மதியச் சாப்பாட்டில் மீன் இல்லாத நாள்' என்றான்.
அதை வைத்துக்கொண்டேன்.

கௌனாஸ் அனுப்பியது ஒலி மட்டும்.
யோகூபஸ் கேமரா முன்னால் வரமாட்டான்.
'சிரிக்கிற ஆள் நானில்லை' என்று
முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டான், திரையை அணைத்துவிட்டு.
நாற்பது நிமிடம்:
ஈரக் காலணிகள், ரேடியேட்டரின் முனகல்,
யாரோ பிரெஞ்சில் எண்ணிப் பழகுவது.
பிறகு தடால்.
மைக் கம்பு சாய்ந்திருக்க வேண்டும், யார் தலையிலோ.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் அடக்கி அடக்கி உடைந்துபோன ஒரு சிரிப்பு,
மைக்குக்கு மிக அருகில்.

அதை எடுத்துத் தெக்லேயின் வாயில் வைத்தேன்.
மூன்று பிரேம் தள்ளினேன். பொருந்திவிட்டது.

திரையிட்ட அன்று
தெக்லே விழுந்தாள், சிரித்தாள்.
அதுவரை கறுப்பாகவே கிடந்த ஒரு சதுரம்
திறந்துகொண்டது.
காதுவரை சிவந்த பையன்.
"அது நான்" என்றான்.

"இல்லையே, நான்தான்" என்றாள் தெக்லே.