மூன்றாம் நாள் இரவுக்கானது

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்துக் கடை,
குளிர்பெட்டிக்கு எதிர் வரிசை.
நஞ்சுண்டன் கூடையைப் பிடித்திருக்கிறான்.
நான் ஒவ்வொரு பையாக எடுத்து
காதருகே வைத்துக் குலுக்குகிறேன்.
"தேங்காயா வாங்கறே?" என்கிறாள் பைரோஜா.

பழக்கம்.
மாங்கூழ் ஆலையில் இது எனக்குப் பதினோராவது சீசன்.
பெங்களூரா லாரி லாரியாக வந்து
மஞ்சள் சேறாகிப் பைக்குள் போகும்.
அதில் சிலவற்றைச் சூட்டறையில்
பதினாலு நாள் படுக்கவைத்து
வயிறு உப்புகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம்.
உப்பினால் கிழிப்பேன்.
உப்பாதவை கப்பலேறிப் போகும்.
எத்தனையோ கிழித்திருக்கிறேன்,
பசியோடு ஒன்றைக்கூட இல்லை.

நாலு நாள். மூணு வாய்.
ஒட்டனூரில் கயாக்கை இறக்கினால்
மேட்டூர் அணைச் சுவர் தெரியும்வரை
கரையேறிக் கடை தேடுவதில்லை என்று சத்தியம்.
(சத்தியம் செய்தது நஞ்சுண்டன்.
கையடித்தது நாங்கள்.)

சாம்பார் சாதம், முந்நூறு கிராம்.
"இதுல முக்கால்வாசி தண்ணிதான்.
தண்ணிமேல தண்ணியைப் பொட்டலம் கட்டித்
துடுப்புப் போடணுமா?"
"அப்போ அவல்" என்கிறான். "ஊறினாப் போதும்."
"பகலெல்லாம் தோள் கழண்டு
ராத்திரி ஊறின அவலா?
எனக்கு வத்தக்குழம்பு வேணும்.
எண்ணெய் மிதக்கணும்."
பைரோஜா கூட்டுறவு வங்கியில் கேஷியர்,
கேட்டது கேட்டபடி வரவேண்டும் அவளுக்கு.

காரம் கூடினால் குடிநீர் கூடும்.
குடிநீர் கூடினால் கேன் கூடும்.
கேன் கூடினால் முதுகுக்குப் பின்னால் இடமில்லை.
தயிர் சாதத்தின் அட்டைப்படத்தில்
கறிவேப்பிலை இப்போதுதான் பறித்த பச்சை;
உள்ளே அது கறுத்திருக்கும், எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
பருப்பு சாதம் நல்லதுதான்.
ஆனால் கூடாரம் இரண்டு பேருக்கானது,
படுக்கப்போவது மூன்று பேர்.
யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே
நஞ்சுண்டன் அதை மெல்லத்
திரும்ப அடுக்கில் வைத்தான்.

கடைசியில் பதினேழு பை, இரண்டு கிலோ அவல்,
நாரத்தங்காய் ஊறுகாய், தட்டுவடை,
யார் போட்டதென்று தெரியாத ஒரு மைசூர்பாகு டப்பா.
பில் போட்ட பெண் கேட்டாள்:
"ஹாஸ்டலாக்கா?"

ஒட்டனூர்த் துறையில் காலை பத்து மணி.
கயாக்கின் வயிற்றுக்குள் போகும் வாய்
டிபன் தட்டின் அகலம்.
பன்னிரண்டு உள்ளே போயின.
ஐந்து போகவில்லை.
"மடிச்சுத் திணி" என்றான்.
"மடிச்சா ஓர ஒட்டு விடும்" என்றேன்
ஆலையில் பேசும் குரலில்.
அப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை.

அதற்குள் கயாக்கின் கறுப்பு முதுகில் கிடந்த ஐந்தும்
வெயிலில் தாமாகவே சூடாகிவிட்டிருந்தன.

பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.
"என்ன சாப்பாடுங்க?"
"மூணாம் நாள் ராத்திரிச் சாப்பாடு."
"நீங்க இன்னும் கெளம்பவே இல்லியே."
"ஆமாங்க."
அவருக்கு அது போதுமாயிருந்தது,
பைரோஜா நீட்டிய மைசூர்பாகை வாங்கிக்கொண்டு
தாரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் கிழித்தேன்.
மூக்கு முதலில் போனது, கை தடுக்கவில்லை.
புளிப்பு வாடை இல்லை, காற்று சீறவில்லை,
கறிவேப்பிலை கறுப்பு.
ஒரு வாய்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
இன்னொரு வாய்.
எழுதிக்கொள்ளப் பேனா தேடிய விரலில்
சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது.

வெறும் பைகளைத் துடைத்து, தட்டையாக்கி,
சட்டைப்பையில் செருகும்போது தேதியைப் பார்த்தேன்.
அடுத்த மார்ச்வரை தாங்கியிருக்கும்.

தண்ணீர் பத்தடி தள்ளி இருந்தது.
நஞ்சுண்டன் இரண்டாவது பையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.