ஆணி இருந்த இடம்

நகர்மன்றக் கூட்டம். பொருள் எண் ஏழு:
பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது.
நாங்கள் ஆறிலேயே நின்றுவிட்டோம்.

வெள்ளையடிக்க வந்தவர்கள் சிலுவையைக் கழற்றி
பழைய விளையாட்டுப் பக்கத்தில் சுற்றி
என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்,
ஒரு வாளியையும் மறந்துவிட்டு.
திரும்ப மாட்டாமல் போனது அவர்கள்.
மாட்டத்தான் வேண்டுமா என்று கேட்டது நான்.
அவ்வளவுதான்.
விடிவதற்குள் வாசலெங்கும் மெழுகுவர்த்திகள்,
வார்சாவிலிருந்து ஒரு தொலைக்காட்சி வண்டி.
என் தபால்பெட்டிக்குள் யாரோ புனித நீர் ஊற்றியிருந்தார்கள்.
மின்கட்டண ரசீது ஊறிப்போயிருந்தது.

என் பெயர் போகுமிவா.
கடவுளுக்குப் பிரியமானவள் என்று அர்த்தம்.
கடவுள் இல்லை என்பதைத் தவிர
பெயரில் வேறு பிழை இல்லை.

மேயர் ரோமுவல்ட் கெம்பா எழுந்தார்.
கோட்டில் குத்திய சின்ன மாதா மின்னினாள்.
"இதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் ஊர் இது" என்றார்.
குரல் தழுதழுத்தது. நல்ல குரல்.
தேர்தலுக்கு இன்னும் ஒன்பது வாரம்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
எண்பத்து நான்கு, பனி உருகாத மார்ச்,
விவசாயத் தொழிற்பள்ளி.
கட்சி இளைஞர் அணித் தோழர் கெம்பா
ஏணியோடு வந்தார்.
வகுப்பு வகுப்பாக ஏறினார், இறங்கினார்,
சாக்கில் போட்டுக்கொண்டார்.
"விஞ்ஞான யுகத்தில் இந்தக் கட்டை எதற்கு?"
தழுதழுக்கவில்லை. அப்போதும் நல்ல குரல்தான்.

எழுபது பேர் தரையில் உட்கார்ந்தோம்.
சன்னல் வழியே ரொட்டி வந்தது, ஊறிய வெள்ளரிக்காய் வந்தது,
வெளியே போலீஸ் வண்டியின் எஞ்சின்
இரவெல்லாம் அணையாமல் உறுமியது.
லுத்மிவா ஜெபமாலை உருட்டினாள்.
அவள் தோளில் சாய்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
மணிகளை அல்ல, கூரை ஓடுகளை.
எனக்கு அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே
நம்பிக்கை போயிருந்தது,
தம்பியைப் புதைத்துவிட்டு வரும் வழியில்,
கையுறை ஒன்று நழுவி விழுவதுபோல,
வீடு வந்த பிறகுதான் கை குளிர்ந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
ஆனாலும் உட்கார்ந்தேன்.
கேட்காமல் கழற்றுகிறவன் முன்னால்
உட்காரத்தான் வேண்டும் என்று பட்டது.
எனக்கு ஓராண்டுப் படிப்பு போனது.
லுத்மிவா பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

"சிலுவைக்கு எதிரி!"
பார்வையாளர் வரிசையில் ஒருவன் கத்தினான்.
லுத்மிவாவின் மகன்.
அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது,
அந்த ஏணி, அந்தச் சாக்கு.
சொன்னால் நான் அன்று உட்கார்ந்ததற்கு
இன்று கூலி கேட்டதாகிவிடும்.
தண்ணீர் குடித்தேன்.

ரகசிய வாக்கெடுப்பு. பன்னிரண்டுக்கு இரண்டு.
ஒன்று என்னுடையது.
மற்றது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.

ஆணி இருந்த துளையைப் பூசி அடைத்திருந்தார்கள்.
கேமராவுக்காக மேயரே ஏறினார்.
இது பசுமரம் இல்லை, புதுச் சுண்ணாம்பு:
ஆணி இரண்டு முறை வளைந்தது.
அறுபத்தாறு வயதுக் கால்கள். ஏணி ஆடியது.
பக்கத்தில் நின்றது நான்தான். பிடித்துக்கொண்டேன்.

சுத்தியலை ஓங்கியவர் குனிந்து,
கேமராவுக்குக் கேட்காத குரலில்,
"நீங்கள் தொழிற்பள்ளியா?" என்றார்.
ஆமாம்.
"எந்த ஆண்டு?"

கீழே பார்க்காதீர்கள், என்றேன்,
விழுந்துவிடுவீர்கள்.

பொருள் எண் ஏழு
அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
படியிறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.
திரும்பி ஏறிப் போய், வெள்ளையடித்தவர்களின்
வாளியை எடுத்துக்கொண்டு
பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.