காற்று அடைத்த குழாய்

ஹார்பின். மைனஸ் இருபத்தாறு.
கொதிகலன் அறையில் மியாவ் ஷூச்சினுக்கு இரவுப்பணி.
இடது பூட்ஸைக் கழற்றி
உள்ளங்கால் குழியில் வால்நட் ஒன்றை உருட்டுகிறாள்.
பொங்கும் ஊற்று என்று பெயராம் அந்தப் புள்ளிக்கு.
பொங்கியது என்னவோ வலிதான்.

தொப்புளுக்கு மூன்று விரல் கீழே
ஓர் அடுப்பு இருக்கிறதாம்.
மூச்சை அதுவரை இறக்கு,
ஒன்பது எண்ணு, தள்ளாதே, இழுக்காதே.
ஆறில் மருத்துவமனைக் கட்டணம் குறுக்கே வந்தது.
மறுபடி ஒன்று.
நான்கில் அழுத்தமானியின் முள்.
மறுபடி.

தொலைபேசி. அறுநூற்று இரண்டாம் வீடு கத்துகிறது:
"பாதி ரேடியேட்டர் பிணமாய்க் கிடக்கு!"
"தீ இங்கே நல்லாத்தான் எரியுது, ஐயா.
குழாயில் காற்று அடைச்சிருக்கும்.
ஓரத்துத் திருகைக் கால் சுற்று தளர்த்துங்க.
சீறும், பயப்படாதீங்க.
கொஞ்சம் அழுக்குத் தண்ணி துப்பும்.
அப்புறம் சூடு தானா ஏறும்."

வைத்தாள்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுச்சதையை
அழுத்தியபடியே இருந்தவள்
ஸ்ஸ்ஸென்று விட்டாள்,
நீளமாய், எண்ணாமல்.
மூக்கு ஒழுகியது. கண்ணும்தான்.
கையுறையால் துடைத்துக்கொண்டாள்.

பூட்ஸ் போடாத காலின்
சுண்டுவிரலில்
முதலில் தெரிந்தது.

அறுநூற்று இரண்டிலிருந்து
அப்புறம் அழைப்பில்லை.