திருத்திய வரைபடம், மூன்றாம் படி

முதல் நாள் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோட்டை
மதியத்துக்குள் கச்சான் காற்று தின்றுவிட்டது.
இரண்டாம் நாள் முளையடித்துக் கயிறு கட்டினேன்.
ஆடுகள் இழுத்துப் போயின.

வேதாளையில்
சாலைக்குத் தெற்கே ஐந்தரை ஏக்கர்,
இருபத்தேழு வருட உப்பு.
டால்பின் குப்பைத்தொட்டிக்கு வால் இல்லை,
வாயில் மட்டும் இன்னும் ‘என்னை உபயோகி’.
நீர்ச்சறுக்கின் உச்சியில்
காக்கை ஒன்று சுள்ளி அடுக்குகிறது.
குடிக்கவே லாரி வரவேண்டிய ஊரில்
யாருக்குத் தோன்றியதோ சறுக்கு.

உரிமைக்காரர் ஹபீபா நெய்னா
விலைப்பட்டியலோடு வந்தார்.
“கொலம்பஸை முன்வாசலுக்குக் கொண்டுவரலாமா?
ஆடுகிற கப்பல், பார்த்ததும் ஜனம் உள்ளே வரும்.”
காகிதத்தில் நானும் அப்படித்தான் நகர்த்தியிருந்தேன்.

டிக்கெட் கிழிக்கும் பிச்சைமேரி சிரித்தாள்.
“தடைக்காலத்துல வர்ற சனம் யாரு மேடம்?
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்.
வருசம் பூரா கெடக்குற படகுல
காசு குடுத்து வேற ஏறுவாகளா?”

மூன்று ஞாயிறு உட்கார்ந்து எண்ணினேன்.
கொலம்பஸில் பதினொரு பேர்,
பதினொருவரும் பரமக்குடி.
மோதுகார்க் கொட்டகை வரிசையோ
கழிப்பறைச் சுவரைச் சுற்றி வளைந்து நின்றது.
மீசை நரைத்த ஆட்கள்
முழங்கால் தாடையில் இடிக்க
சின்ன வண்டிக்குள் திணிந்து கத்துகிறார்கள்.

நெரிசலுக்கு என்னிடம் தீர்வு இருந்தது:
தளத்தின் நடுவே மஞ்சளில் ஒரு கோடு,
பெரியவர் இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம்.
சொல்லி முடிக்குமுன் வரிசையிலிருந்து சந்தியாகு,
போன வருடம் எண்பது நாள்
அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்,
“இங்கயுமா?” என்றார்.
அவ்வளவுதான்.
பிறகு போய் ஒரு சிவப்பு வண்டியில் உட்கார்ந்தார்.
மச்சானின் நீல வண்டியை இடித்தார்.
எதிர்ச்சுவர் வரை துரத்திப்போய்
மறுபடி இடித்தார்.
மணி அடித்தது, இறங்கினார்,
வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அந்த மஞ்சளைப் பிறகு டால்பினுக்கு அடித்தோம்.

ராட்டினத்தை விற்பதாகத்தான் பேச்சு.
இரும்புக்கடைக்காரர் கிலோ முப்பத்தெட்டு என்றார்.
கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமென்று
ராக்கப்பன் என்னை ஏற்றினார்.
கரண்ட் போனது.

உச்சிப் பெட்டியில் நான், அளவு நாடா,
அரை பாட்டில் தண்ணீர்.
வடக்கே பெண்கடல்,
தட்டில் ஊற்றிய கஞ்சித்தெளிவு மாதிரி.
தெற்கே ஆண்கடல், வெள்ளை வெள்ளையாய்ப்
பல்லைக் கடித்துக்கொண்டு.
நடுவில் இவ்வளவு ஒல்லியான நிலம்.
அதில் ஒரு தண்டவாளம், ஒரு சாலை, கருவேலம்,
எங்கள் கழிப்பறையின் ஓட்டைக் கூரை.

பத்தொன்பது நிமிடம்.
“பயப்படாதீக” என்று ராக்கப்பன் கத்தியதில்
பாதிதான் மேலே ஏறியது.
பயமில்லை, எரிச்சல்.
இருபத்தேழு வருடம்
இதை நிற்காமலே சுற்றியிருக்கிறார்களே.

மூன்றாம் படியில் புதிதாக எதுவுமே இல்லையே
என்றார் வங்கிக்காரர்.
இருக்கிறது சார், போல்ட்.
நானூற்றுப் பன்னிரண்டு, துருப்பிடிக்காத வகை.
உச்சியில் ஒவ்வொரு பெட்டியும் நாற்பது நொடி நிற்கும்.
கவுன்டரைக் கிழக்கே திருப்பி வரிசைக்குப் பந்தல்.
நடைபாதை, ஆடுகள் ஏற்கெனவே போட்டு வைத்த தடத்தில்.
சறுக்கைக் காக்கை பறந்தபின் கழற்றுவது.
கொலம்பஸ் இருந்த இடத்திலேயே,
பரமக்குடிக்காரர்களுக்கு.

மோதுகார்த் தளம்: கோடு இல்லை.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
காற்று அதிகம், நிற்காது
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.