இரண்டாம் குழிக்கு ஓரடி மேற்கே

மெர்ல் அளந்தது இருபத்து நான்குக்குப் பதினைந்து அடி.
கயிறு பிடித்து, ஆரஞ்சு மையைத் தரையில் பீய்ச்சி
ஒரு சிறுநீரகம் வரைந்தான்.
"இதுதான் மைதானம்."
இடுப்பெலும்பை மாற்றிய மருத்துவர்
பதினெட்டுக் குழி நடக்கக் கூடாது என்றிருந்தார்.
மூன்று குழி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மேசாவில் மார்ச்சிலேயே வெயிலுக்குப் பல் முளைத்துவிடும்.
அருகம்புல்லை நான்கு அங்குல ஆழத்தோடு
பெயர்த்தெடுத்தோம்.
எடுத்தோம் என்றால், நான் எடுத்தேன்;
அவன் ஊன்றுகோலால் இடம் காட்டினான்.
ஒரு வேரைப் பிடித்து இழுத்தால்
மதில் வரைக்கும் தரை அசைந்தது.

மூன்றாம் நாள் என் மண்வெட்டி
எலுமிச்சைக்குப் போகிற குழாயைக் கடித்தது.
என் தொப்பி நனைந்த உயரத்துக்குத் தண்ணீர்.
ஆர்டித் சமையலறை ஜன்னலைத் திறந்து
"எண்ணெய்க் கிணறா?" என்று கேட்டு
பதிலுக்குக் காத்திராமல் மூடிக்கொண்டாள்.

வெள்ளைக் குழாய்த் துண்டு, ஊதாத் திரவம், பசை.
காய ஒரு மணி நேரம் என்றது டப்பா.
வாடகைக்கு எடுத்த மண் அமுக்கும் எந்திரத்தை
ஐந்துக்குள் திருப்பித் தர வேண்டும்.
பத்து நிமிடம் பொறுத்தேன்.
மண்ணைத் தள்ளி மூடினேன்.
மெர்ல் அப்போது மாத்திரை விழுங்க உள்ளே போயிருந்தான்.

பிறகு அந்தக் கறுப்புத் துணி.
முப்பத்தோரு வருடம் தபால் பிரித்த கை அவனுடையது;
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தபடியே
ஓரத்தின்மேல் ஓரம் ஆறு அங்குலம் ஏற்றி
மூலைகளை உறைபோல மடித்து
அடிக்கு ஒரு கம்பி ஆணி இறக்கினான்.
"தண்ணீர் கீழே போகும், களை மேலே வராது.
ஒருவழிப் பாதை" என்றான்.
தலையாட்டினேன்.

கருங்கல் தூள் கொட்டி, நனைத்து, அமுக்கி,
மறுபடி கொட்டி, நனைத்து, அமுக்கி.
இரவு சூப் குடிக்கையிலும்
கரண்டி என் பல்லில் தாளம் போட்டது.
பச்சை விரிப்பு கடைசியில் வந்தது,
புது டயர் வாசனையோடு.
எல்லா இழையும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும்;
மணலைத் தூவித் தூவி
விளக்குமாற்றால் சீவி நிமிர்த்தினோம்.
ஆர்டித்தின் பாத்திரத் துணியைக் கிழித்து மூன்று கொடி.

முதல் பந்து
நேராகப் போவதுபோல் போய்
கடைசி முழத்தில் இடதுபக்கம் சாய்ந்தது.
அளவுமட்டத்தில் குமிழி நடுவில்தான் நின்றது என்று
சத்தியம் செய்தான் மெர்ல்.
சாயங்காலத்துக்கு ஐம்பது சென்ட் பந்தயம்.
எந்த இடத்தில் எவ்வளவு சாயும் என்று
அவனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

ஜூனில் ஒரு காலை
இரண்டாம் குழிக்கு ஓரடி மேற்கே
ஊசி மாதிரி ஒன்று நின்றது.
கோரை.
விரல்களுக்கிடையே உருட்டினேன், உருளவில்லை;
தண்டுக்கு மூன்று விளிம்பு.
துணியைக் குத்தி, கல்லை நெருடி,
விரிப்பின் வடிகால் துளையைத் தேடிப் பிடித்து
ஏறி வந்திருக்கிறது.
நூற்றுப் பத்து டிகிரியில் எல்லாம் வதங்கிக் கிடக்க
இதற்கு மட்டும் யார் தண்ணீர் கொடுப்பது?

எனக்குத் தெரியும் யார் என்று.

மெர்ல் நகம்வெட்டியால் நறுக்கினான்.
வெள்ளிக்கிழமை இரண்டு நின்றன.
நறுக்கினான். அடுத்த வாரம் ஐந்து.
துணிக்காரனை வைதான், கம்பெனியை வைதான்.
நானும் கூடச் சேர்ந்து வைதேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

ஜூலையில் தண்ணீர்க் கட்டண ரசீதை
ஆர்டித் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்,
ஐஸ் எடுக்கப் போனால் என் மூக்குக்கு நேராக இருக்கும்படி.
எதுவும் கேட்கவில்லை.
மெர்ல் நகம்வெட்டியை எடுப்பதை நிறுத்திவிட்டான்.
"பந்து கோரையில் பட்டால் ஓர் அடி கூடுதல்"
என்று புது விதி சொன்னான்.
"உனக்கு மட்டும்" என்றும் சொன்னான்,
என் முகத்தைப் பார்க்காமல், மட்டையின் பிடியைத் துடைத்தபடி.

இன்று வரை பதினொரு டாலர் ஐம்பது சென்ட்
தோற்றிருக்கிறேன்.
குழாய் வேலைக்கு ஆள் கூப்பிட்டால்
வந்து பார்க்கவே தொண்ணூறு கேட்பான்.
மதிலின் நிழல் மூன்றாம் கொடியைத் தொட்டாயிற்று.
கால்களை அகட்டி நின்று, சாய்வைக் கணக்கிட்டு,
அதற்கு நேர் எதிராக அடிக்கிறேன்.